கல்யாணக் கொப்பரை

சிமல்சௌர்
மங்சீர் 22, விக்கிரம ஆண்டு 2043

திதி,

அக்காவின் நலம் விசாரித்துத் தொடங்கும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுகிறேன். உங்கள் நலம் எனக்குத் தெரியும். உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான்.

சாவித்ராவின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்தது. நீங்கள் வரவில்லை. கூடப்பிறந்தவளின் மகள் செத்ததற்கு வர முடியாத அளவு உங்களுக்கு என்ன வேலை என்று இங்கே பெண்கள் கேட்டார்கள். காத்மாண்டுவில் உத்தவ் கழுத்தெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறான், அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள் என்றேன். ஒருத்தி சொன்னாள்: “பரவாயில்ல, ஊட்டுறதுக்கு அவங்களுக்கு இன்னும் ஆள் இருக்கே.”

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மலை ஏறி வரமாட்டோம் என்றதால்தான் சுர்கேத்தில் என் கொழுந்தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தேன். உத்தவ்தானே ஓட்டுகிறான், நம் பையனின் விமானம், நம் வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்குவது போல என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னவளும் நான்தான். பெண்ணும் சாமானும் முதலில், நாங்கள் மறுநாள் என்று ஏற்பாடு. வழியில் எஞ்சின் நின்றது. அது அவன் குற்றமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, இல்லை. ஆனால் விமானத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நாலு பேர் தங்கள் காலால் நடந்து வெளியே வந்தார்கள். என் மகளை மட்டும் தூக்கி வந்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சீர்வரிசைச் செம்புக் கொப்பரையைக் கட்டாமல் விட்டது யார்?

பாய் டீகா அன்று, எமன் அண்டாதிருக்க அண்ணன்மாருக்குத் தங்கைகள் திலகமிடும் பண்டிகையில், அவள் அவன் கழுத்தில் போட்ட வாடாமல்லி மாலையை அவன் விமானத்தில் கண்ணாடி ஓரமாகத் தொங்கவிட்டிருந்தானாம். இறங்கியபிறகும் ஒரு பூ உதிரவில்லையாம். தூக்கி வந்தவர்கள் அதை அதிசயமாக என்னிடம் சொன்னார்கள்.

விசாரணைக் குழுவுக்குப் புகார் எழுதிவிட்டேன். இனி அவனிடம் ஒரு கோவேறு கழுதையைக்கூட நம்பி ஒப்படைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். இந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கக் கூடாது. இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பதில் நீங்கள் கெட்டிக்காரி.

துளசா


ஞானேஸ்வர், காத்மாண்டு
பூஸ் 6, 2043

கான்சி,

வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் சித்தியை மெச்சுவதுபோல, “சானிமா எழுத்து நல்லா ஆயிடுச்சு, இல்லம்மா?” என்றான். என் தங்கைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான் என்பதால் அந்தப் பாராட்டில் எனக்கும் பங்குண்டு.

நான் ஏன் வரவில்லை என்பதற்கு விளக்கம் சொல்லப்போவதில்லை. வந்திருந்தால் அழச் சொல்லியிருப்பாய். அழத் தெரியாதவள் சாவு வீட்டில் இருப்பது மற்றவர்களுக்கு இடைஞ்சல். சாவித்ரா எனக்குப் பிடித்த பெண்; நம் குடும்பத்தில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதற்கு மேல் அவளைப் பற்றி எழுதினால் பொய் கலந்துவிடும்.

நடந்ததை நீ பிறர் வாயால் கேட்டிருக்கிறாய். நான் ஓட்டியவன் வாயால் கேட்டதை எழுதுகிறேன். எஞ்சின் நின்ற விமானம் கல் போல விழுவதில்லை; சறுக்கிக்கொண்டு இறங்கும். சறுக்குவதற்கு உயரமும் வேண்டும், இடமும் வேண்டும். உங்கள் மலைகளுக்கு நடுவே முதலாவது இருந்தால் இரண்டாவது இருப்பதில்லை. எரிபொருள் குழாய் ஒன்று வெடித்திருக்கிறது. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: “சத்தம் நின்னதும் மொதல்ல காதுல விழுந்தது சாவித்ராவோட வளையல்மா. அதுவரைக்கும் அவ வளையல் போட்டிருந்ததே எனக்குத் தெரியாது.”

கீழே ஆறு, ஆறு முழுக்கப் பாறை. இடப்பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம் சமமாக இருந்தது. அங்கேதான் இறக்கப் பார்த்தான். ஆனால் சத்தமில்லாமல் வரும் விமானத்தைக் கண்ட ஊர் சனம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே அந்த மைதானத்துக்குள் ஓடி வந்து நிரம்பிவிட்டது. கை வேறு அசைத்து “இங்கே, இங்கே” என்று கூப்பிட்டார்களாம். ஆகவே அவன் திரும்பி, கேழ்வரகு அறுத்துக் காய்ந்து கிடந்த படிவயல்களைப் பார்த்து, மேட்டை நோக்கி இறக்கினான். மேட்டை நோக்கி இறங்கினால் நிலமே விமானத்தைப் பிடித்து நிறுத்தும். மூக்கைத் தூக்குவதற்குரிய கணம் ஒன்றே ஒன்று. முந்தினால் தொங்கி விழும். பிந்தினால் நேராக மண்ணில் குத்தும். அவன் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. சக்கரங்கள் ஒரு வரப்புச் சுவரில் கழன்று போயின. விமானம் நின்றது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பிறகு அந்த வயலைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினாராம். சாவித்ராவுக்காகக் கழற்றினார் என்று நினைத்துக்கொள்ளாதே. இறக்கிய விதத்துக்காகக் கழற்றினார்.

இறங்கும்போது அவள் தன் அண்ணனிடம் பேசினாள். உனக்கு அது வேண்டியிருக்கும் என்பதால் எழுதுகிறேன். “பயப்படாத தாஜு, டீகா வெச்சது நானு. வாசல்ல வால்நட்ட உடைச்சேன்ல, எமன் உங்கிட்ட வரமாட்டான்” என்றாளாம். அவள் சொன்னது சரிதான். அவனிடம் வரவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கொப்பரையைக் கட்ட மறந்துவிட்டேன் என்று உத்தவ் குழுவிடம் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதன்படி அவன் உரிமம் பறிபோகும். ஒருவேளை சிறைக்கும் போவான். பறப்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. நான் அவன் எழுதியதை நம்பவில்லை. என் மகன் தன் சாப்பாட்டு டப்பாவைக்கூட இரண்டு முடிச்சுப் போட்டு எடுத்துப் போகிறவன். அவன் கட்டியிருப்பான். அப்படியானால் அவிழ்த்தது யார், கான்சி?

இந்துமதி


சிமல்சௌர்
பூஸ் 25, 2043

திதி,

கேள்வி கேட்பது உங்கள் உத்தியோகம். இருபத்தைந்து வருஷம் பெண்கள் கல்லூரியில் கரும்பலகை முன்னால் நின்று பௌதிகம் நடத்திய பழக்கம். எதிரில் இருப்பவள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தலையைக் குனிய வேண்டும். நான் உங்கள் வகுப்பில் இல்லை.

அந்தக் கொப்பரை மேல் உங்களுக்கு என்றைக்கும் ஒரு கண். நம் அம்மா அதை எனக்குக் கொடுத்த நாளன்று நீங்கள் எழுந்து மாடிக்குப் போனீர்கள், எனக்கு மறக்கவில்லை. அம்மா சொன்னாள்: “மூத்தவளுக்குப் புஸ்தகம் குடுத்தாச்சு, சின்னவளுக்கு இதாவது இருக்கட்டும்.” நீங்கள் காசிக்குப் போனீர்கள். நான் பதினாலு வயதில் இந்த மலைக்கு வந்தேன். நீங்கள் படித்தீர்கள். நான் அந்தக் கொப்பரையில் நூறு பேருக்குச் சோறு வடித்தேன். என் மகள் கல்யாணத்தில் அது போகாமல் வேறு எது போகும்?

அப்புறம் ஒன்று. படிப்பு முடியவில்லை என்று கைக்குழந்தையை இங்கே கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனீர்களே, அந்தக் குழந்தையின் பெயர் என்ன? அவன் அப்பா வேறொருத்தியோடு குடித்தனம் போட்டபோது நீங்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தீர்கள். அவன் முதலில் “அம்மா” என்று கூப்பிட்டது என்னை. ஆறு வயதில் நீங்கள் வந்து அழைத்துப் போனபோது என் சேலையைப் பிடித்த பிடியை அவிழ்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவன் எதைக் கட்டுவான், எதை மறப்பான் என்று நீங்கள் எனக்குச் சொல்கிறீர்கள்!

மறந்தான். அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். அதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

துளசா


ஞானேஸ்வர்
மாக் 17, 2043

கான்சி,

எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தே கேள்.

நேற்று ஹவல்தார் தில்ஜங் என்பவர் என் வீட்டுக்கு வந்தார். விடுமுறை முடிந்து படைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். அந்த விமானத்தில் உன் மகளுக்குப் பின்வரிசையில் இருந்தவர். உத்தவைப் பார்க்க ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். உத்தவ் மருத்துவமனைக்குப் போயிருந்ததால் என்னிடம் அகப்பட்டுக்கொண்டார். தேநீர் ஊற்றிக் கொடுத்து, அன்று ஓடுதளத்தில் நடந்ததைச் சொல்லச் சொன்னேன். ராணுவத்தார் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“பாத்திரத்த எடை போட்டாங்க மிஸ், அப்ப காலி. கேப்டன் சாப் ரொம்ப யோசிச்சாரு. நான்கூட, ‘இது விமானமா பாத்திரக்கடையா’ன்னு கேட்டுச் சிரிச்சேன். அடுத்த தடவ எடுத்துட்டுப் போறேன் சானிமான்னாரு. அந்தம்மா விடல. பொண்ணு போறப்ப கூடவே போகணும், தனியாப் போனா ஆகாதுன்னாங்க. சரின்னு ஏத்தி, முன்சீட்டுக்குப் பின்னால வெச்சு, வாரைப் போட்டு இறுக்கினாரு. அப்ப புடிச்சாங்க பாருங்க ஒரு புடி.”

என்ன பிடி என்று கேட்டேன். இரண்டாவது கோப்பை ஊற்றினேன்.

“‘டேய் உத்தவ், கல்யாணப் பாத்திரத்தப் பாடையக் கட்டுற மாதிரி கட்டுறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவுருடா கயித்த’ன்னாங்க. ‘கட்டாம ஏத்தமாட்டேன் சானிமா, விதி அப்படி’ன்னாரு. ‘உனக்குக் குண்டி கழுவி விட்டவடா நான், எனக்கே விதி சொல்றியா’ன்னாங்க. ஓடுதளத்துல ஊரே நிக்குது மிஸ். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கேப்டன் சாப் மொகம் செவந்துபோச்சு. ஆனா அவுக்கல. ஒரு தடவ இழுத்துப் பாத்துட்டு, விசிறியச் சுத்திப் பாக்க முன்னால போயிட்டாரு.”

அதன்பிறகு?

“அந்தம்மா பொண்ணுக்குத் தயிர்த் திலகம் வைக்க உள்ள எட்டுனாங்க. அரிசி கொட்டுற சத்தம் கேட்டுச்சு. வெறும் பாத்திரமாப் போகக் கூடாதுன்னு நிறைச்சாங்கபோல. அப்புறம் ‘டக்’னு கொக்கிச் சத்தம். ஏதோ சரி பண்றாங்கன்னு நெனச்சேன். வூட்டுப் பெரியவங்க, நாம என்ன கேக்கறது?”

விழுந்த விமானத்திலிருந்து எடுத்த வார் அறுந்திருக்கவில்லை, கொக்கி விடுபட்டிருந்தது. மறந்தவனின் வார் சுருட்டி மூலையில் இருந்திருக்கும். இது விரித்துக் கிடந்தது.

நான் கல்லூரியில் முதல் நாளன்று எப்போதும் ஒரே பாடத்தைத்தான் நடத்துவேன். நகரும் பொருள் தானாக நிற்காது. யாராவது நிறுத்த வேண்டும். விமானத்தை உத்தவ் நிறுத்தினான். ஐந்து பேரையும் அவர்கள் இடுப்புப் பட்டைகள் நிறுத்தின. அரிசி நிறைந்த கொப்பரையை நிறுத்த ஒரு வார் இருந்தது. அதை நீ எடுத்துவிட்டாய். ஆகவே அதைச் சாவித்ராவின் கழுத்து நிறுத்தியது. இதைவிட மென்மையாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

குழு பாகுன் கடைசியில் கூடித் தீர்ப்பெழுதுகிறது. அதற்குள் நீ உன் புகாரைத் திரும்பப் பெற்று, அவிழ்த்தவள் நான் என்று எழுதி அனுப்பு. இரண்டு வரி போதும். அனுப்பாவிட்டால் நானே போய்ச் சொல்வேன்.

இந்துமதி


சிமல்சௌர்
பாகுன் 9, 2043

திதி,

உங்கள் கடிதத்தை மாட்டுத்தொழுவத்தில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். நீங்கள் இதற்குப் பிரதி வைத்திருப்பீர்கள் என்று தெரியும்.

ஆமாம். அவிழ்த்தேன்.

என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் நினைக்கவில்லை. என் மாமியாரைப் பச்சை மூங்கிலில் வைத்துக் கட்டியபோது அந்தக் கயிறு இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. என் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் அதைப் பார்த்துக்கொண்டு நான் அவள் நெற்றியில் திலகம் வைக்க வேண்டுமா? என் கை போனது. கொக்கி எளிதாக வந்துவிட்டது. உங்கள் விமானங்களில் எல்லாவற்றையும் அவ்வளவு எளிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அவளைக் குளிப்பாட்டியது நான். நீங்கள் கரும்பலகையில் வரைந்ததை நான் கையால் தொட்டுப் பார்த்தவள். எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

ஆனால் எழுதித் தரமாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் காரணம் கேட்கிறவர். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. மகள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருமகள் சோறு கொடுத்தால் தள்ளிவிடுகிறார். அவர் தம்பி கொடுத்துப் பார்த்தார், வாங்கவில்லை. என் கையால் பிசைந்து கொடுத்தால் மட்டும் வாயைத் திறக்கிறார். அந்தக் கையைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். எது அவிழ்த்த கை என்று அவருக்குத் தெரிந்த மறுவேளை அவர் சாப்பிடமாட்டார். நான் ஒரு சாவுக்குச் சமைத்துவிட்டேன். இன்னொன்றுக்குச் சமைக்க என்னால் முடியாது.

உத்தவுக்கு வேலைதானே போகும்? அவனுக்குப் படிப்பு இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள், காத்மாண்டு இருக்கிறது. சிறைக்குப் போகக் கூடாது, அதற்காக மட்டும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இன்றைக்கே எழுதிவிட்டேன். மற்றபடி அவன் எனக்காக வாயை மூடிக்கொண்டான். அது அவன் எனக்குக் கொடுத்தது. நீங்கள் பாலூட்டாத பிள்ளை எனக்குக் கொடுத்ததைப் பிடுங்க உங்களுக்கு உரிமையில்லை. போய்ச் சொல்வீர்களானால் சொல்லுங்கள். அக்காவுக்குப் பிள்ளைப் பாசத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நான் சொல்வேன். எல்லாரும் என்னைத்தான் நம்புவார்கள். செத்தது என் மகள்.

கோவேறு கழுதைக்காரனிடம் ஒரு சாமான் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்த வீட்டில் அதை வைத்திருக்க முடியவில்லை, விற்கவும் மனசு வரவில்லை. நீங்கள் என்றைக்கும் ஆசைப்பட்டதுதான். கன்னானிடம் கொடுத்து நசுங்கலை எடுத்துக்கொள்ளுங்கள்.

துளசா


ஞானேஸ்வர்
சைத் 20, 2043

கான்சி,

கொப்பரை வந்து சேர்ந்தது. நசுங்கல் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. கன்னானிடம் கொடுக்கவில்லை.

குழுவின் முன் போனேன். மூன்று அதிகாரிகள், ஒரு பச்சைத் துணி விரித்த மேசை, குடிக்க முடியாத தேநீர். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். தலைவர் மரியாதையான மனிதர். “நீங்க ஓடுதளத்துல இருந்தீங்களா, மிஸ்?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப இது உங்களுக்கு யார் சொன்னது?” ஹவல்தார் பெயரைச் சொன்னேன். அவரை ஏற்கெனவே அழைத்திருந்தார்கள். உள்ளே வந்து, விறைப்பாக நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நான் ஏறினதும் தூங்கிட்டேன் சாப். எதையும் பாக்கல.” முந்தைய நாள் உத்தவ் அவரைத் தேடிப் படைமுகாமுக்குப் போயிருக்கிறான், கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு பேருந்தில் போயிருக்கிறான். ஆப்பிள் கொண்டு வந்த மனிதர் கேப்டனின் பேச்சைத் தட்டவில்லை.

பிறகு உத்தவைக் கூப்பிட்டார்கள். என்னைக் கைகாட்டி, “உங்கம்மா சொல்றது உண்மையா?” என்று கேட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பவில்லை. “அம்மாவுக்கு வயசாயிடுச்சு சார். எம்மேல உள்ள பாசத்துல சொல்றாங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றான். மூவரும் என்னை மிகவும் இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். பொய் சொல்லாதவள் என்ற ஒன்றை மட்டுமே ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்திருந்தேன். பாசக்காரி என்ற பட்டம் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்கள்.

உரிமம் நிரந்தரமாகப் போய்விட்டது. இப்போது அவன் நண்பனின் இரும்புக்கடையில் நிற்கிறான். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவதில்லை. ஆனால் சத்தம் தேயும்வரை கையில் இருப்பதைக் கீழே வைப்பதுமில்லை.

இனி எழுதுவதை எழுதாமலும் இருந்திருக்கலாம். உன் முதல் கடிதத்திலிருந்தே உனக்கு ஒரு தண்டனை கொடுக்க வேண்டும் என்றுதான் நான் எழுதி வந்திருக்கிறேன். இது உன் சுமையைக் குறைக்கும் செய்தி. ஆனாலும் தெரிந்த ஒன்றைப் பாதி மறைப்பது என் வழக்கமில்லை.

குழுவிலிருந்து நடந்து வீடு திரும்பினோம். பாக்மதிப் பாலத்தில் நிறுத்திக் கேட்டேன்: “என்னை எதுக்குடா நாலு பேர் முன்னாடிப் பொய்க்காரி ஆக்கினே?”

“நீங்க சொன்னது பாதிதாம்மா உண்மை.”

“மீதி?”

“நான் பாத்தேன். கதவச் சாத்த வந்தப்ப பாத்தேன். வார் தரையில கெடந்துச்சு.”

“பார்த்துட்டு ஏன் மறுபடி கட்டல?”

அவன் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். “சானிமா முன்னாடியா? ஊரே சிரிச்சுக்கிட்டு நிக்குது. மறுபடியும் அவங்க அவுத்ததக் கட்டவாம்மா? அரை மணி நேரப் பயணம்தானேன்னு நெனச்சேன்.”

ஆக, நீ அவிழ்த்தாய். அவன் பார்த்தும் விட்டுவிட்டான். பாதி உன்னுடையது, பாதி அவனுடையது. உனக்காக அவன் வாயை மூடினான் என்று எழுதியிருந்தாய். இல்லை. தனக்குரியதை அவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அவன் உனக்கு எதையும் பரிசாகக் கொடுக்கவில்லை. அதனால் நான் எதையும் பிடுங்கவுமில்லை.

இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. கணக்குத் தப்பாக இருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஆறுதலாக எடுத்துக்கொண்டால் அது உன் பாடு.

கொப்பரை முற்றத்தில் கிடக்கிறது. உத்தவ் அதைச் சுற்றி நடந்து போகிறான். அதை நான் நகர்த்தப் போவதில்லை.

இந்துமதி


சிமல்சௌர்
பைசாக் 11, 2044

திதி,

அவர் இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறார். நேற்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நீங்கள் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. அவன் பார்த்தது எனக்குத் தெரியும். அவன் கதவைச் சாத்த வந்தபோது நான் இரண்டடி தள்ளித்தானே நின்றேன். வாரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். இப்போது கத்துவான், எல்லார் முன்னாலும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லுவான், சொல்லட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவன் சிரித்தான். சின்ன வயதில் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

எஞ்சினை மன்னித்துவிட்டேன். என் கையைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. அந்தச் சிரிப்பை முடியவில்லை. அதனால்தான் முதல் நாளே புகார் எழுதினேன். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று இவ்வளவு நாளாகத் தெரியவில்லை.

அவன் உங்களிடம் வளர்ந்திருந்தால் மறுபடியும் கட்டியிருப்பான். நீங்கள் அவனுக்கு விதியைச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அவனோ ஆறு வயதுவரை இங்கே இருந்தான். பெரியவங்க ஒன்னு செஞ்சா நாலு பேர் முன்னாடி எதிர்த்து நிக்காதடா என்று தினமும் சோறு ஊட்டும்போது சொன்னவள் நான்.

கொப்பரையைக் கவிழ்த்து வையுங்கள். மழைத் தண்ணீர் நின்றால் செம்பு பச்சை பிடித்துவிடும்.

நல்ல பிள்ளை, திதி. சொன்னதைக் கேட்டான்.

துளசா